627001-க்கு ஒரு ஜாதகம்: நம்ம ஊரு பின்கோட அக்கு வேற ஆணி வேறயா பிரிக்கிறது எப்படி

எல்லாம் ஒரு மிக்சி ஜார்ல ஆரம்பிச்சது. ஆன்லைன்ல ஆர்டர் போடும்போது எங்க திருநெல்வேலி பெருமாள்புரம் அட்ரஸ ஒழுங்கா அடிச்சிட்டு பின்கோடு மட்டும் 627007-க்கு பதிலா 627001-ன்னு அடிச்சித் தொலைச்சிட்டேன், தப்பு நம்ம மேலதான், பார்சல் அந்த 627001-க்கு உரிய ஜங்ஷன் பக்கம் போய் உக்காந்துக்கிட்டு மூணு நாளா ஆட்டம் காட்டுது. லீவுக்கு வந்திருந்த அக்கா மவ, பத்தாங்கிளாஸ், "ஏன் மாமா, ஒரே ஒரு நம்பர்தான மாறிருக்கு, ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான?"ன்னு கேட்டா. பார்சல்காரனுக்கு ஆறு கிலோமீட்டர் வித்தியாசம்னு வச்சிக்கிட்டாலும், கணக்குல அந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு காட்டுதேன் வாட்டின்னு ரஃப் நோட்ட எடுத்தேன். அன்னைக்கு சாயங்காலம் கரண்ட் வேற இல்ல. அப்ப நாங்க செஞ்சதத்தான் இங்க வரிசையா எழுதுதேன், உங்க ஊரு பின்கோடு, வண்டி நம்பர், எந்தப் பெரிய எண்ண எடுத்தாலும் இதே வழிதான்.

ஒண்ணு முதல்லயே சொல்லிருதேன். பின்கோடுங்கிறது உண்மையில ஒரு அளவு கிடையாது, ஒரு லேபிள். 1972 ஆகஸ்ட் 15-ல தபால் துறை கொண்டாந்தது, மொத எண் 6-ன்னா தமிழ்நாடு, கேரளா பக்கம், மொத மூணு எண் 627 நம்ம பக்கத்து தபால் பிரிக்கிற இடம், கடைசி மூணு தபாலாபீஸ். அதனாலதான் யாரும் ஆறு லட்சத்து இருபத்தேழாயிரத்து ஒண்ணுன்னு வாசிக்கிறதில்ல. ஆனா வாசிச்சா வாசிச்சதுதான், எண்ணுன்னு ஆயாச்சுன்னா அதுக்கு ஒரு ஜாதகம் உண்டு.

முதல் வேலை: கண்ணால பாக்கிறது

பேனாவ எடுக்கிறதுக்கு முன்னாடி எண்ண உத்துப் பாக்கணும். 627001, கடைசி எண் 1, அதனால ஒத்தைப்படை, 2-ம் இல்ல 5-ம் இல்ல. இலக்கத்த கூட்டுனா 6+2+7+0+0+1=16, மூணால வகுபடாது. இது எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்த நம்பர்ல ஒரு வசதி இருக்கு, 627-ன்னா 3×11×19. அப்ப 627000-த்த 2, 3, 5, 11, 19 எல்லாம் மீதியில்லாம வகுத்துரும், நம்ம எண்ணு அதுக்கு ஒண்ணு கூட, அதனால இந்த அஞ்சுலயும் மீதி 1-தான் வரும். ஒரே பார்வையில அஞ்சு பிரைம், அதாவது பகா எண், காலி.

அடுத்து 7-ம் 13-ம். இதுக்கு 1001 வித்தை. 7×11×13=1001. ஆறு இலக்க எண்ண மூணு மூணா வெட்டி, பெருசுல இருந்து சின்னத கழிச்சிருங்க. 627-ல இருந்து 001 போனா 626. இந்த 626-ஐ 7 வகுத்தா முழு எண்ணையும் வகுக்கும், இல்லன்னா இல்ல. 7×89=623, மூணு மிச்சம். 13×48=624, ரெண்டு மிச்சம். அப்ப 7-ம் இல்ல, 13-ம் இல்ல. பின்கோடு எல்லாமே ஆறு இலக்கம்கிறதால இந்த வித்தை பின்கோட்டுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கும்.

எது வரைக்கும் போகணும்?

இங்கதான் நெறைய பேரு சலிச்சுப் போய் விட்டுருதாவ. ஆறு லட்சத்த எத்தனையாலன்னு வகுக்க? பயப்பட வேண்டாம், வர்க்கமூலம் வரைக்கும் போனா போதும். 791×791=625681, 792×792=627264. ரெண்டு காரணியும் 792 இல்ல அதுக்கு மேலன்னா பெருக்கல் நம்ம எண்ணத் தாண்டிரும், அதனால ஒரு காரணியாவது 791-க்குள்ள மாட்டியே ஆகணும். 791-க்குள்ள பிரைம் மொத்தம் 138. இந்த 138-லயும் ஒண்ணும் சிக்கலன்னா எண்ணே பகா எண்ணுன்னு கண்ண மூடிட்டு சொல்லிரலாம்.

17-ல இருந்து ஆரம்பிச்சோம். நான் வகுக்க, அவ மீதிய எழுத. 17-க்கு 7. 23-க்கு 21. 29-க்கும் 21. 31-க்கு 26. 37-க்கு 36, "ஐயோ மாமா ஒண்ணுல போச்சு"ன்னா, அப்ப அத பெருசா எடுத்துக்கிடல, அந்த ஒண்ணு பின்னால வேலை செய்யப் போகுது. 41-க்கு 29, 43-க்கு 18, 47-க்கு மறுபடியும் 21, 53-க்கு 11, 59-க்கு 8, 61-க்கு 43, 67-க்கு 15.

அப்புறம் 71. இத மட்டும் அவளே போட்டா. 627-ல எட்டு தடவ, 568, மிச்சம் 59. பூஜ்யத்த எறக்கு, 590, மறுபடி எட்டு தடவ 568, மிச்சம் 22. அடுத்த பூஜ்யம், 220, மூணு தடவ 213, மிச்சம் 7. கடைசி ஒண்ண எறக்குனா 71. பேனா அப்படியே நின்னுட்டு. 71-ல 71 ஒரு தடவ, மீதி சைபர். கடைசி வரியில 71-க்கு கீழ 71 வந்து உக்காரும்போது கிடைச்ச திருப்தி இருக்கே, அத சொல்லி மாளாது.

627001 = 71 × 8831.

71-ங்கிறது இருபதாவது பிரைம். 138-க்கு போகணும்னு பயந்துக்கிட்டு போனோம், இருபதுலயே ஆள் சிக்கிட்டு.

சரி, 8831 பகா எண்ணா, இன்னும் உடையுமா? இதுல நேரத்த மிச்சம் பிடிக்க ஒரு வழி. இதோட வர்க்கமூலம் 94-க்கு ஒரு நூல் கம்மி, அதனால 89 வரைக்கும் பாக்கணும். ஆனா 71-க்கு கீழ உள்ள எதுவும் பாக்க வேண்டாம், ஏன்னா அதுல ஒண்ணு 8831-ஐ வகுத்திருந்தா முழு எண்ணையும் வகுத்திருக்கும்லா, அத நாம ஏற்கெனவே பாத்தாச்சே. பாக்கி 71, 73, 79, 83, 89 அஞ்சே அஞ்சு. மீதி முறையே 27, 71, 62, 33, 20. ஒண்ணும் இல்ல. 8831 பகா எண். கதை முடிஞ்சது.

இப்ப ஜாதிய எழுதுவோம்

மனுசனுக்குத்தான் ஜாதி பாக்கக் கூடாது, எண்ணுக்கு பாக்கலாம், தப்பில்ல. காரணி தெரிஞ்சாச்சுன்னா மத்ததெல்லாம் தன்னால வரும்.

627001 பகு எண், அதாவது காம்போசிட். சரியா ரெண்டு பிரைமோட பெருக்கல்ங்கிறதால செமிபிரைம். ரெண்டு பிரைமும் வேற வேற, எதுவும் ரெண்டு தடவ வரல, அதனால வர்க்கக் காரணி இல்லாத எண். வகுத்திகள் மொத்தம் நாலே நாலு: 1, 71, 8831, அப்புறம் அதுவே. தன்ன விட்டுட்டு மத்த வகுத்திகள கூட்டுனா 1+71+8831=8903. ஆறு லட்சம் எங்க, எண்ணாயிரத்தி சொச்சம் எங்க. கூட்டுத்தொகை எண்ண விட கம்மியா இருந்தா குறை எண், சமமா இருந்தா செவ்விய எண் (6, 28, 496, 8128 மாதிரி), கூட இருந்தா மிகை எண். நம்ம ஜங்ஷன் குறை எண், அதுலயும் பரம குறை.

இதோட பொதுக் காரணி இல்லாம, 627001-க்குள்ள எத்தனை எண் இருக்குன்னு கேட்டா (70×8830) 618100. கணித மேதை ஆய்லர் காட்டுன வழி இது, ஒவ்வொரு பிரைம்லயும் ஒண்ணு குறைச்சுப் பெருக்குனா போதும். இத மனசுல வச்சிக்கிடுங்க, கொஞ்சம் கழிச்சு வரும்.

மீதிய தூரப் போட்டுராதிய

நான் எங்கயும் வாசிக்காம அன்னைக்கு நோட்டுல பாத்து கண்டுகிட்டது இது, ரொம்ப சாதாரண விஷயம்தான், ஆனா யாரும் சொல்லித் தரல. வகுபடலைன்னு நாம ஒதுக்குன மீதி எல்லாம் பக்கத்து வீட்டு சங்கதிய சொல்லுது.

37-க்கு மீதி 36 வந்துச்சுல்லா? ஒண்ணு கூட்டுனா வகுபடும். 627001-ஓட ஒண்ணு கூட்டுனா 627002, அது பாளையங்கோட்டை. ஆத்துக்கு இந்தப் பக்கம் மாட்டாதது சுலோச்சன முதலியார் பாலத்த தாண்டுன உடனே மாட்டுது. 31-க்கு மீதி 26, அஞ்சு கூட்டுனா சரி, 627006, டவுன். முழு எண்ண 7-ஆல வகுத்தா மீதி 4 (முன்ன பாத்த 3 வந்து 626-க்கு வந்தது), மூணு கூட்டுனா 627004, பேட்டை. ஒரு எண்ணுக்கு வகுத்த பாவத்துக்கு நாலு ஊருக்கு பலன்.

பாளையங்கோட்டைய போட்டுப் பாத்தா அசந்து போயிருவிய. 627002=2×37×8473, சரி அவ்வளவுதான்னு நெனைச்சு 8473-ஐ சோதிச்சிக்கிட்டே போனா, மறுபடியும் 37! 37×229=8473. ஆக 627002 = 2 × 37² × 229. ஒரு பிரைம் ரெண்டு தடவ வந்துட்டதால இது வர்க்கக் காரணி உள்ள எண். வகுத்திகள் 12. ஜங்ஷனும் பாளையும் அடுத்தடுத்த எண், அடுத்தடுத்த எண்ணுக்கு 1-ஐத் தவிர பொதுக் காரணியே இருக்காது, பாலம் போட்டு 1843-லயே சேத்து வச்சாலும் கணக்குல சேராது.

இன்னொரு வேடிக்கை. எந்த எண்ண ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா எழுத முடியும்னு ஒரு பழைய விதி இருக்கு, ஃபெர்மாங்கிற கணித மேதை சொன்னது, ஆய்லர் நிரூபிச்சது: நாலால வகுத்தா 3 மீதி வர்ற பிரைம் எல்லாம் இரட்டைப்படை தடவதான் வரணும். ஜங்ஷன்ல 71-க்கும் மீதி 3, 8831-க்கும் மீதி 3, ரெண்டும் ஒரு தடவதான் வருது, அதனால முடியவே முடியாது. பாளையில 37, 229 ரெண்டும் மீதி 1, அதனால முடியும். எப்படி கண்டுபிடிக்க? 229=15²+2². ரெண்டால பெருக்கணும்னா கூட்டலும் கழித்தலும் எடுங்க, 15+2=17, 15−2=13, 17²+13²=289+169=458. அப்புறம் ரெண்டையும் 37-ஆல பெருக்குங்க, 629-ம் 481-ம். 629²=395641, 481²=231361, கூட்டிப் பாருங்க, 627002. எங்க அக்கா மவ பாளையில படிக்கா, அவளுக்கு இருந்த பெருமைய பாக்கணுமே.

டவுன் 627006=2×3×31×3371. இது மிகை எண், அதுக்கு எல்லா வகுத்தியும் கூட்ட வேண்டியதே இல்ல. 6-ஆல வகுபடுற எண்ணுல பாதி, மூணுல ஒண்ணு, ஆறுல ஒண்ணு, இத கூட்டுனாலே முழு எண் வந்துரும்: 313503+209002+104501=627006. மேல ஒத்த 1-ஐ சேத்தாலே தாண்டியாச்சு. அதனால 6-ஐத் தாண்டுன ஆறின் மடங்கு எல்லாமே மிகை எண்தான்.

பெருமாள்புரம் கொடுத்த பாடு

இப்ப எங்க வீட்டு எண், 627007. 7-க்கு இல்ல, 11-க்கு இல்ல, 13-க்கு இல்ல. போறோம் போறோம், 71-ம் தாண்டி, 100-ம் தாண்டி, 199 வரைக்கும் 46 பிரைம் போட்டு கை ஓஞ்சு போச்சு, அதுக்குள்ள கரண்டும் வந்துட்டு. "மாமா இது பிரைம்தான், விடுங்க"ன்னா. அப்படி விடக் கூடாது, கணக்குல தோணுதுங்கிறதுக்கு மதிப்பு கிடையாது. போன்ல பைத்தான்ங்கிற ப்ரோக்ராம் மொழிய வச்சு ஒரு வரி போட்டேன், கண்ண மூடித் தொறக்குமுன்ன வந்துட்டு: 491×1277. ரெண்டும் பிரைம். 491 தொண்ணூத்தி நாலாவது பிரைம், கையால போயிருந்தா இன்னும் 48 தடவ வகுத்திருக்கணும்.

ஃபெர்மாவோட குறுக்கு வழி ஒண்ணு உண்டு, வர்க்கமூலத்துக்கு அடுத்த எண்ணுல இருந்து ஒவ்வொண்ணா வர்க்கம் எடுத்து நம்ம எண்ண கழிச்சா மிச்சமும் வர்க்கமா வருதான்னு பாக்கணும். 792, 793-ன்னு போய் 884²−627007=154449=393²-ல நிக்கும், அதுல இருந்து 884−393=491, 884+393=1277. எத்தனை தடவன்னு எண்ணுனா 93. வகுத்தா 94, குறுக்கு வழியில 93, சவத்த, குறுக்கு வழின்னு பேரு வேற!

ஜங்ஷனும் செமிபிரைம், பெருமாள்புரமும் செமிபிரைம், வகையில ஒரே ஜாதி, ஆனா ஒண்ணு இருபதுல சிக்குச்சு, ஒண்ணு தண்ணி காட்டுச்சு. ரெண்டு காரணியும் ஏறக்குறைய ஒரே சைஸ்ல பெருசா இருந்தா பிரிக்கிறது பாடு, பெருக்குறது லேசு. இந்த ஒரு சமாச்சாரத்த வச்சுத்தான் 1977-ல ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் மூணு பேரும் ரகசியச் செய்திய பூட்டி அனுப்புற ஆர்எஸ்ஏ பூட்ட செஞ்சாவ, முன்னால சொன்ன அந்த ஒண்ணு குறைச்சுப் பெருக்குற எண்தான் அந்தப் பூட்டுக்கு சாவி செய்ய வேணும், காரணி தெரியாம அது கிடைக்காது. எங்க பின்கோடு ஆறு இலக்கம். 2020-ல கம்ப்யூட்டர் கூட்டத்த வச்சு உடைச்ச ஆர்எஸ்ஏ எண்ணுக்கு 250 இலக்கம். நிஜத்துல பூட்டுக்கு போடுறது அத விடப் பெருசு.

சில்லறை சங்கதிகள்

இரும எண்ணா, அதாவது 0-ம் 1-ம் மட்டும் வச்சு எழுதுற எண்ணா, மாத்தணும்னா பாதி பாதியா வெட்டிக்கிட்டே போங்க, ஒத்தைன்னா 1, இரட்டைன்னா 0, கீழ இருந்து மேல வாசிங்க. 627001 வந்து 1001 1001 0001 0011 1001, இருபது இலக்கம், அதுல ஒன்பது 1.

ஹேப்பி நம்பர்னு ஒண்ணு உண்டு, இலக்கங்கள வர்க்கமாக்கிக் கூட்டிக்கிட்டே போனா கடைசியில 1-ல முடியணும். 627001-க்கு 90, 81, 65, 61, 37, 58, 89-ன்னு போய் சுத்திக்கிட்டே கிடக்கும், விடிவே இல்ல. 627001-ல இருந்து 627010 வரைக்கும் ஒண்ணு கூட ஹேப்பி இல்ல, நாங்க உக்காந்து பத்தையும் பாத்தோம். 627011-ல போய்த்தான் 91, 82, 68, 100, 1-ன்னு முடியுது. அது எந்த இடம்னு கேக்கியளா, ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரி. 627012 அபிஷேகப்பட்டி யுனிவர்சிட்டி, அது ஹர்ஷத் எண், இலக்கக் கூட்டல் 18, 18-ஆல வகுத்தா சரியா 34834. இந்த ஹர்ஷத் பேர வச்சது தேவ்லாலியில பள்ளிக்கூட வாத்தியாரா இருந்த காப்ரேகர். இதெல்லாம் பத்து அடிமானம் மாறுனா மாறிப்போற விளையாட்டு, காரணி மாதிரி எண்ணோட ரத்தத்துல உள்ளது கிடையாது, அதனால இதுக்கு மேல இதுல நேரம் செலவழிக்க வேண்டாம்ங்கிறது என் அபிப்பிராயம்.

71 யாருன்னு தெரியுமா

இதுக்குத்தான் இவ்வளவும். குத்தாலத்துக்கு பக்கத்துல வல்லம்னு ஒரு ஊரு, இப்ப தென்காசி மாவட்டம், அப்ப நம்ம திருநெல்வேலிதான். அங்க 1901-ல பொறந்தவரு எஸ். எஸ். பிள்ளை, முழுப்பேரு சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. ராமானுஜத்த தெரியாத ஆள் கிடையாது, இவரத் தெரிஞ்ச ஆளு நம்ம பக்கத்துலயே கம்மி, எனக்கு அதுல தீராத வருத்தம். சிதம்பரத்துல அண்ணாமலை யுனிவர்சிட்டியில வாத்தியாரா இருந்தாரு. எந்த எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளோட (2×2×2×2×2×2 மாதிரி) கூட்டலா எழுதிரலாம்னு 1940-ல நிரூபிச்சாரு. 1950 ஆகஸ்ட் 31, அமெரிக்காவுல கணித மாநாட்டுக்கு போற வழியில கெய்ரோ பக்கத்துல விமானம் விழுந்து இறந்துட்டாரு, 49 வயசு.

அவர் பேருல ஒரு ஃபங்ஷன் இருக்கு, 1933-ல எழுதுனது. 1-ல இருந்து அந்த எண் வரைக்கும் ஒவ்வொண்ணோடயும் மீப்பெரு பொதுக் காரணிய எடுத்து மொத்தமா கூட்டணும். 6-க்கு போட்டுப் பாருங்க: 1, 2, 3, 2, 1, 6, மொத்தம் 15. 627001-க்கு ஆறு லட்சம் தடவ கூட்டணுமான்னு மலைக்க வேண்டாம், வேற வேற பிரைமா இருந்தா ஒவ்வொண்ணையும் ரெண்டு மடங்காக்கி ஒண்ணு குறைச்சு பெருக்குனா போதும். 6-க்கு 3×5=15, சரியா வருதா. நமக்கு 141×17661=2490201.

அவர் பேருல பிரைமும் இருக்கு, பிள்ளை பிரைம். ஒரு பிரைமுக்கு ஏதாவது ஒரு n கிடைக்கணும்: n ஃபேக்டோரியலோட (1-ல இருந்து n வரைக்கும் எல்லாத்தையும் பெருக்குனது) ஒண்ணு கூட்டுனா அந்த பிரைம் வகுக்கணும், ஆனா அந்த பிரைம n-ஆல வகுத்தா மீதி 1 வரக் கூடாது. இந்த வரிசை 23, 29, 59, 61, 67-ன்னு போகுது. அடுத்தது 71.

வாய்வார்த்தையா நம்ப வேண்டாம், போட்டுப் பாப்போம். 7 ஃபேக்டோரியல் 5040, ஒண்ணு கூட்டுனா 5041, அது 71×71, அழகா வகுபடுது. ஆனா 71-ஐ 7-ஆல வகுத்தா மீதி 1, அதனால 7 செல்லாது. மேல போவோம். 8-ஐயும் 9-ஐயும் பெருக்குனா 72, 71-ஆல வகுத்தா மீதி 1, ஒண்ணால பெருக்குன மாதிரிதான், அதனால 9 ஃபேக்டோரியலுக்கும் அதே பலன். 362880, ஒண்ணு கூட்டுனா 362881, அது 71×5111. 71-ஐ 9-ஆல வகுத்தா மீதி 8. ஒண்ணு இல்ல. செல்லும்.

அவ நோட்டுல 71-ஐ செவப்பு மையில வட்டம் போட்டு பக்கத்துல "வல்லம்"னு எழுதி வச்சிருக்கா.

மிக்சி ஜார் நாலாம் நாள் வந்துச்சு. டப்பா மேல கடைசி 1-ஐ அடிச்சிட்டு யாரோ பேனாவால 7 போட்டிருந்தாவ. "491 பெருக்கல் 1277"ன்னு சொல்லிக்கிட்டே அக்கா மவ கையெழுத்துப் போட்டு வாங்குனா, டெலிவரி பையன் ஓடிபிய சொல்லுதான்னு நெனைச்சு போன்ல அமுக்கிட்டு முழிச்சான்.